வன்மத்தோடு விரித்த பாய்

மட்டாஞ்சேரி கடைத்தெருவில், சுக்கும் மிளகும் விற்கும் எங்கள் கடையில், ஒரு காலை தராசுத் தட்டை எடுக்கக் குனிந்தேன். நிமிர முடியவில்லை. இடது கால் பெருவிரல்வரை நெருப்பாக வலி இறங்கியது.

டிஸ்க் பிதுங்கியிருக்கிறது (முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள மெத்தை போன்ற பகுதி நரம்பை அழுத்துவது), அறுவைசிகிச்சை தேவையில்லை என்றார் மருத்துவர். அதைவிடப் பெரிய காயம் மருத்துவமனை வராந்தாவில் கிடைத்தது. கணவர் இறந்தபின் என்னோடு சேர்ந்து கடை நடத்திய அவருடைய அண்ணன், நான் பெரியத்தான் என்று கூப்பிடுபவர், நான் ஸ்ட்ரெச்சரில் கிடப்பதை மறந்து போனில் சொன்னார்: "அவள வெச்சு இனி ஒரு காரியமும் நடக்காது. மருமகன நாளைக்கே கடைல இருத்தணும்."

மறுநாளே இருத்தினார்.

வலி சற்று அடங்கியதும் மருத்துவர் தேவராவிலுள்ள பிசியோதெரபிஸ்ட் பீனாவிடம் அனுப்பினார். அவர் பிலாட்டிஸ் (மூச்சோடு இணைத்து வயிறு, முதுகு, இடுப்புத் தசைகளை உறுதியாக்கும் பயிற்சி) தொடங்கினார். பாயில் மல்லாந்து படுத்து, மூச்சை விட்டபடி தொப்புளை உள்ளிழுக்க வேண்டும். அவ்வளவுதான். அதற்கே வயிறு வெடவெடத்தது. மனதில் என்ன ஓடுகிறது என்று கேட்டார். பெரியத்தான் முகம் என்றேன்.

"அது கொள்ளாம், சேச்சி. பக்ஷே ஸ்வாசம் பிடிக்கண்டா" என்றார் (அது நல்லதுதான் அக்கா, மூச்சை மட்டும் அடக்க வேண்டாம்).

இதைப் படிக்கும் முதுகுவலிக்காரர்களுக்குப் பயிற்சி செய்ய நல்ல காரணங்கள் இருக்கலாம். எனக்கு இருந்தது வன்மம்தான். மருத்துவரைக் கேட்காமல் மட்டும் பாயை விரிக்காதீர்கள்.

மூன்றாம் வாரம் குனிந்து செருப்பு மாட்டினேன். ஐந்தாம் மாதம் கடைக்கு நடந்தே போனேன். என் நாற்காலியில் பெரியத்தானின் மருமகன் இருந்தார்.

"மாப்ள, எந்திரிங்க."

அவர் மாமனாரைப் பார்த்தார். உன்னால் முடியுமா என்று பெரியத்தான் கேட்டார். ஷட்டர் இறங்கும்வரை நின்றே வியாபாரம் பார்த்தேன். மறுநாள் நாற்காலி காலியாக இருந்தது.

இந்த மழைக்காலத்தில் பெரியத்தானுக்கே இடுப்பு பிடித்துக்கொண்டது. மருத்துவர் இதே பயிற்சியைச் செய்யச் சொன்னாராம். கற்றுத்தரக் கேட்டு வீட்டுக்கு வந்தார். பாயை விரித்தேன். மல்லாந்து, முழங்கால் மடக்கி, இடுப்பை உயர்த்தினார். நான் பத்து எண்ணும்வரை அப்படியே இருக்கச் சொன்னேன். தொடை நடுங்கியது.

"போதுமாம்மா?"

"இன்னும் இல்ல, பெரியத்தான். மூச்ச விடுங்க."

முன்பெல்லாம் பத்து வினாடி எனக்கு ஒரு பொருட்டே இல்லை. இப்போது அதற்குள் எந்த இடத்தில் தசை கெஞ்சும், எந்த இடத்தில் மனம் உடையும் என்று தெரியும். அவருக்கு ஒரு தீங்கும் வராது. எண்ணுவதில் மட்டும் நான் அவசரப்படவில்லை.