மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்

மறுநாள் காலை என் ஒரே மகள், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் படிக்க வெளிமாநில விடுதிக்குக் கிளம்பவேண்டும். எனக்கு அழுகையும் எரிச்சலுமாக வந்தது. ஒரு வாரமாகப் பெட்டியை அடுக்குகிறாளே தவிர, ஒரு தடவைகூட வந்து என் தோளில் சாயவில்லை. கல்நெஞ்சக்காரி, யாரைக் கொண்டு பிறந்தாளோ என்று கணவரிடம் பொரிந்து தள்ளினேன்.

ஞாயிற்றுக்கிழமையாச்சே, நிம்மதியாக இரு என்று அவர் ஓர் ஆங்கில அடிதடிப் படத்தைப் போட்டார். எதிர்காலமாம். ஊரே பினாயில் ஊற்றிக் கழுவியதுபோல் பளிச்சென்று இருந்தது. யாரும் யாரையும் தொடக்கூடாது. கை குலுக்கினால் இயந்திரப் போலீஸ் வந்து சோப்பு நுரையைப் பீய்ச்சியது. பழைய காலத்துச் சாக்கடைத் தொழிலாளி ஒருவன்தான் கதாநாயகன். எல்லாரையும் கட்டிப்பிடித்தே கலவரம் பண்ணினான். ஒரு காட்சியில், வேலை முடிந்து வரும் தாய் ஒருத்தி, தரையில் போட்ட கோட்டுக்கு வெளியே நின்று குழந்தைக்குக் கையசைத்தாள். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. சரியான பைத்தியக்கார உலகம் என்றேன்.

மகள் சிரிக்கவில்லை.

“இதுல என்னம்மா சிரிக்க இருக்கு? நம்ம வீடும் இப்படித்தான் லா.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

பாலம் தாண்டி, பத்து காவான் என்ற ஊரில் கணினிச் சிப் செய்யும் தொழிற்சாலையில், தூசியே புகக்கூடாத கிளீன்ரூமில் பதினைந்து வருடமாக வேலை செய்கிறேன். தலைமுதல் கால்வரை வெள்ளை உடை. கண் மட்டும்தான் தெரியும். பவுடர் கூடாது, மல்லிகை கூடாது. அங்கே தூசி என்றால் அது மனுஷன்தான். நம் முடி, நம் தோல். சிப்புக்கு ஆகாதது பிள்ளைக்கும் ஆகாது என்று எந்தக் கேடுகெட்ட நேரத்தில் முடிவு செய்தேனோ, வீட்டுக் கூடத்திலும் மஞ்சள் டேப்பை ஒட்டினேன். வேலை விட்டு வந்து நான் குளித்துவிட்டு வரும்வரை அவள் அதைத் தாண்டக்கூடாது. ஒன்றாம் வகுப்பில் ஒருநாள், முட்டியில் ரத்தம் ஒழுக, கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று இரண்டு கையையும் நீட்டி அழுதாள். அப்படியே நில், குளித்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, சுவரோரமாகக் குளியலறைக்குப் போனேன். போயே போனேன், பாவி.

இத்தனை வருடம் கழித்து அது கண்முன் வந்து நின்றது. சட்டென்று எழுந்து, “வாடி” என்று கையை விரித்தேன். காலையிலிருந்து நான் வீட்டைவிட்டு வெளியே போகவேயில்லை. அவளோ இரண்டடி பின்னால் போனாள். முகத்தில் கோபமில்லை, கேலியும் இல்லை. நிஜமாகவே கேட்டாள்.

“குளிச்சிட்டீங்களாம்மா?”