சபியா விழுந்த படங்கள்

என் கணவர் துபாயில் வேலை பார்க்கிறார். திருச்சி பாலக்கரை வீட்டில் எங்கள் மகள் சபியா முதல் அடி வைத்தபோது என் கையில் போன் இல்லை. அதனால் அந்த நடையை டேப்லெட்டில் ஒவ்வொரு படமாக வரைந்து, அனிமேஷனாக ஓடவிட்டு, அவருக்கு அனுப்பினேன்.

வீடியோ காலில் வந்தார்.

“மாஷா அல்லாஹ்! ஆமா, புள்ள விழவே இல்லியா?”

“விழுந்தா. நீங்க பதறுவீங்கன்னு அந்தப் படங்கள மட்டும் அழிச்சிட்டேங்க.”

“அதையும் வரைஞ்சு காட்டும்மா.”

மறுபடி வரைந்தேன். அடுத்த காலில் டேப்லெட்டைப் போனுக்கு நேராகப் பிடித்து ஓடவிட்டேன். சபியா தள்ளாடிச் சரியும் இடத்தில் அவர் கை சட்டென்று நீண்டது, அவளைப் பிடிக்க.

விழாமல் நடக்கிற பிள்ளைக்கு யாரும் தேவையில்லை. நான் அழித்த படங்களில்தான் அவளுடைய அத்தாவுக்கு வேலை இருந்தது.