வெளிப் பைப்

லண்டன் நோர்பரியில் நாங்கள் வாங்கிய வீட்டின் புல்தரைக்கு அடியில் ஸ்பிரிங்ளர் குழாய்கள் ஓடின. பழைய சொந்தக்காரர் புதைத்துவிட்டுப் போனவை. மழைக்குப் பஞ்சமில்லாத ஊரில் புல்லுக்குத் தண்ணீர் தெளிக்க மெஷின் வைத்த மனிதரை என்ன சொல்வது. முதல் குளிர்காலத்தில் அதை அப்படியே விட்டோம். குழாயில் நின்ற தண்ணீர் உறைந்து, குழாய் வெடித்து, வசந்தத்தில் புல்தரை சேற்று வயலாகிவிட்டது. அதன்பிறகு கார்த்திகை பிறந்தால் என் கணவர் குசினித் தொட்டிக்குக் கீழே இருந்த வால்வைப் பூட்டுவார். டயர் கடை நண்பரிடம் காற்றடிக்கும் மெஷினை இரவல் வாங்கி, எஞ்சிய தண்ணீரை ஊதி வெளியேற்றுவார்.

வாசலோரத்து வெளிப் பைப்புக்கும் அதே வால்வுதான். அதுதான் சிக்கல். செத்தவீட்டுக்குப் போய் வருபவர்கள் கால் கழுவாமல் உள்ளே வருவதில்லை, லண்டனிலும்தான். குளிர்காலத்தில் அதற்கு நான் ஒரு வாளி வைப்பேன்.

அந்த ஆண்டு, எங்களோடு இருந்த மாமனார் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஸ்ட்ரெதமிலிருந்து கணவரின் அண்ணர் போன் எடுத்தார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"தம்பி, இந்த முறை உந்தப் பைப்பைப் பூட்டாதை. ஏதும் நடந்தால் சனம் உங்கடை வீட்டைதான் வரும். கால் கழுவத் தண்ணி வேணும்."

"ஐயா வீட்டை வருவார்," என்றார் இவர். "நான் பூட்டத்தான் போறன்."

"டொக்டர் சொன்னதை நீயும் கேட்டனிதானே?"

இவர் போனை வைத்துவிட்டார். அண்ணர் சொன்னது நியாயம் என்றே எனக்குப் பட்டது. வெடித்த குழாயை மாற்றலாம். சொல்ல வாயெடுத்தேன், இவருடைய முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். பைப்பைப் பூட்டாமல் விட்டால் தகப்பனின் சாவுக்கு ஆயத்தம் செய்ததாகிவிடும் என்று நினைக்கிறார். இதற்கு யார் என்ன நியாயம் சொல்வது?

அரைமணி நேர வேலை அன்று பொழுதுபடும்வரை போனது. ஸ்பிரிங்ளர்கள் தண்ணீரைத் துப்பின, பிறகு பனிப்புகாராய் நீர்த்துளிகளைத் துப்பின, கடைசியில் வெறும் காற்றை விட்டன. இவர் அதற்குப் பிறகும் ஊதிக்கொண்டிருந்தார். மெஷினைக் கேட்டு டயர் கடைக்காரரே வந்துவிட்டார்.

தை மாதம் மாமனார் போய்விட்டார். தகனம் முடிந்ததும் நான் முந்தி வந்து, வாசலில் வாளிகளில் சுடுதண்ணீர் வைத்தேன். சனம் கால் கழுவி உள்ளே போனது. அண்ணரும் கழுவினார், பைப்பைப் பற்றிப் பேச்செடுக்காமல் உள்ளே போனார். அது அவருடைய பெருந்தன்மை.

கடைசியாக வந்த இவர் வாளிகளைக் கவனிக்கவில்லை. நேரே வெளிப் பைப்பிடம் போய்த் திருகினார். ஒன்றும் வரவில்லை. முழுவதும் திருகிக் கையை ஏந்தினார்.

"ஒரு சொட்டும் இல்லை," என்றார். "அவ்வளவு வடிவாய்ப் பூட்டியிருக்கிறன்."

ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு போய் நானே அவர் காலில் ஊற்றினேன். அவர் ஏந்திய கையை எடுக்கவில்லை.