பால் சொசைட்டியில் உங்கம்மாவின் கையைக் கட்டிய கதை

கண்ணுகளா, உங்கம்மாவின் கையைக் கட்டிப்போட்ட ஒரே ஆள் உங்கப்பன்தான். அதுவும் வடகரப்பதிப் பக்கத்துப் பால் சொசைட்டிக் கம்ப்யூட்டரில் மட்டும். வீட்டில் அந்த வித்தை பலிக்காது.

உங்கம்மா அங்கே கிளார்க். ஒவ்வொருவர் பாலிலும் கொழுப்பு எவ்வளவு என்று பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவள் வேலை. நான் ஷிப்டு பார்த்த எலப்புள்ளி கம்பெனியில் இஞ்சினியர்களுக்குப் பின்னால் நின்று கற்றுக்கொண்ட லினக்ஸ் கம்ப்யூட்டர் வேலையை நம்பி, சொசைட்டி சர்வரை என்னிடம் விட்டிருந்தார்கள்.

நம் ஊரில் ஒருத்தர் பாலில் கொழுப்பு குறைந்தால், தண்ணி ஊத்திட்டாங்க என்று கிண்டல் ஆரம்பித்துவிடும். யாருக்கு எவ்வளவு என்பது டீக்கடை வரை போய்க்கொண்டிருந்தது. பழியும் புகாரும் உங்கம்மா மேல் விழுந்தன. "இன்னொரு பராதி வந்தா வேற ஆளப் பாத்துக்குவோம்மா" என்று சொசைட்டி பிரசிடண்ட் சொல்லிவிட்டார். அந்த வேலை அவளுக்கு உயிர்.

"உன் அக்கவுண்டுல ஃபைலத் தொறந்து பாக்கற வழிய அடைச்சிடறேன். அப்பறம் ஆரும் உன்னையச் சொல்ல முடியாது" என்றேன்.

"ஏனுங்க, கட்டின பொண்டாட்டியவே நம்ப மாட்டீங்களாட்ட இருக்குதுங்க?"

"நான் நம்பறேன் புள்ள. ஊரு நம்போணுமல்ல?"

நாம் தட்டும் கட்டளையை வாங்கிச் செய்து முடிப்பதற்கு ஷெல் என்று பெயர். அதிலேயே கெடுபிடியான ஒரு வகை உண்டு. உங்கம்மாவுக்கு அதைக் கொடுத்தேன். ஒரு சின்ன ஃபோல்டருக்குள் நான் வைக்கும் கட்டளைகள் மட்டும்தான் அவளுக்கு ஓடும். ஃபைலைக் காட்டும் cat, பட்டியலிடும் ls எல்லாம் போச்சு. பால் ஏற்றும் புரோகிராமை மட்டும் வைத்துவிட்டுப் பெருமையாக வந்து படுத்தேன்.

காலையில் ஷிப்டுக்குக் கிளம்பும்போது போன் வந்தது.

"ஏனுங்க, சீட்டு அடிக்க மாட்டீங்குதுங்க. சனமெல்லாம் பாலோட நிக்கறாங்க. கையக் கட்டுனது சரி, ஒரு வெரலையாவது விட்டிருக்கலாமல்லங்க?"

பிரிண்ட் கட்டளையை வைக்க மறந்திருக்கிறேன்! வண்டியை விரட்டிப் போய் அதையும் ஃபோல்டரில் சேர்த்தேன். சீட்டு வர ஆரம்பித்தது. வரிசை நகராத கோபத்தில் இருந்த பிரசிடண்ட், வரிசையில் முன்னால் நின்று முணுமுணுத்தவர் மேல் பாய்ந்தார்.

"நீ என்னப்பா பேசறே? நேத்து உன்ற மாட்டுப் பாலுல கொழுப்பு மூணு புள்ளி ரெண்டுதான்! உம்பட பக்கத்தூட்டுக்காரனுக்கு நாலரை, தெரியுமா?"

பக்கத்து வீட்டுக்காரரும் கேனோடு அங்கேயே நின்றிருந்தார்.

உங்கம்மா சீட்டைக் கிழித்துக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்: "ஏனுங்கண்ணா, அது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுங்க? என்ற கையத்தான் இவரு கட்டிட்டாரல்லங்க?"

சிரிப்பு கேட் வரை போனது. தினமும் தன் அக்கவுண்டிலிருந்து பார்ப்பதைத்தான் மனுசன் டீ குடிக்கும்போது அவிழ்த்துவிட்டிருக்கிறார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை.

"செரி, எனக்கும் அதையே போட்டுரப்பா" என்றார் பிரசிடண்ட், கழுத்தைச் சொறிந்தபடி. பிறகு உங்கம்மாவிடம், "நீ பாட்டுக்கு வேலையப் பாரும்மா. இனி ஆரு என்ன சொன்னாலும் நான் பாத்துக்கறேன்" என்றார்.

எல்லோரும் போனபின் அவர் அக்கவுண்டையும் மாற்றினேன். சரியாக வந்திருக்கிறதா என்று அவர் பெயரில் நுழைந்து cat என்று தட்டினேன். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது. சோதனை அதோடு முடிந்தது. ஆனாலும் கதவைச் சாத்திவிட்டு வந்து, பிரசிடண்டுக்கே ‘இல்லை’ என்று வருவதைப் பார்க்கும் சந்தோஷத்துக்காக இன்னொரு தரமும் தட்டிப் பார்த்தேன்.