தரையில் சொட்டாத தண்ணீர்

சூடான கூலன்ட்டுக்கு ஒரு வாசனை உண்டு. லேசான இனிப்பு... கொஞ்ச நேரம் மூக்கில் ஏறினால் குமட்டும். பத்து வருடத்துக்கு முன்னால், எங்கள் பிக்கப் வண்டியின் பானெட்டைத் தூக்கும்போதெல்லாம் அதுதான் முதலில் முகத்தில் அடிக்கும்.

"எங்கள்" வண்டி என்றால், எனக்கும் தேவாவுக்கும் பொதுவான வண்டி. இருவரும் அம்பத்தூரில் ஒரே கம்பெனியில், ஒரே ஷிஃப்டில் லேத் ஓட்டியவர்கள். கம்பெனியை மூடியதும் சேர்ந்து செகண்ட் ஹேண்டில் அதை வாங்கினோம். பாடி ஏரியாவில் லோடு ஏற்றி நசரத்பேட்டை குடோனில் இறக்குவது வேலை. ஒரு வாரம் அவன் ஓட்டுவான், ஒரு வாரம் நான். பல நாள் இருவரும் சேர்ந்தே போவோம்.

தேவா குடியை விட்டு அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. எப்படி விட்டான் என்பது எனக்குத் தெரியும். கை நடுங்கிய நாட்களில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான்தான்.

அந்தக் கோடையில் வண்டி தண்ணீரைக் குடிக்க ஆரம்பித்தது. காலையில் டப்பாவில் கோடு வரை, இஞ்சின் சூட்டைத் தணிக்கும் கூலன்ட் தண்ணீரை ஊற்றினால் சாயங்காலம் பாதிதான் இருக்கும். வண்டிக்கு அடியில் அட்டை விரித்துப் பார்த்தோம். ஒரு சொட்டு இல்லை.

ரேடியேட்டருக்குப் போகும் மேல் ரப்பர் ஹோஸைத் தடவிப் பார்த்ததில், கிளாம்ப் பக்கத்தில் ஒரு வெடிப்பு தட்டுப்பட்டது. நானே புது ஹோஸ் மாட்டினேன்.

"முடிஞ்சுது மாமே. இனிமே கொறையாது" என்று தேவாவிடம் சொன்னேன். கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

அந்த வாரம் என் முறை. லோடு குறைவு, அரை நாள் ஓட்டம்தான். தண்ணீர் குறையவே இல்லை. அடுத்த வாரம் தேவா எடுத்தான். மறுபடி குறைந்தது.

ஹோஸ் மாற்றியாகிவிட்டது... நான் ஓட்டும்போது குறையவில்லை... அப்படியென்றால் தப்பு ஓட்டுகிறவனிடம். என் புத்தி இப்படித்தான் போனது.

ஒரு நாள் மதியம் தேவா போன் செய்தான். பாடி மேம்பாலத்துக்குக் கீழே வண்டி நின்றுவிட்டதாம். போய்ப் பார்த்தால் பானெட்டிலிருந்து ஆவி பறக்கிறது. பக்கத்து டீக்கடையில் எங்கள் பழைய கம்பெனி ஆட்கள் நாலைந்து பேர்.

"காலைல ஃபுல்லா ஊத்திகினுதான் எடுத்தேன் மச்சான். எங்க போவுதுன்னே தெர்ல" என்றான்.

"ஊத்துனது எங்க போவும்? வண்டிலயும் இல்ல, ரோட்லயும் இல்ல."

"சத்தியமா ஊத்துனேன் மச்சான்."

"மப்புல கீறவனுக்கு இன்னா ஊத்துனோம், எங்க ஊத்துனோம்னு எப்டி தெரியும்?"

டீக்கடையில் யாரோ சிரித்தார்கள்.

தேவா கிட்டே வந்து, என் முகத்துக்கு நேராக வாயைத் திறந்து ஊதினான். டீ வாசனைதான் வந்தது. அப்புறம் சாவியை என் சட்டைப் பையில் போட்டுவிட்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தான்.

கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

மறுநாள் வண்டியைக் கட்டி இழுத்து, அம்பத்தூரில் பாபு என்ற மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். முதலில் ஆயில் ஸ்டிக்கை உருவிப் பார்த்தான். ஆயில் பால் மாதிரி வெளுக்கவில்லை, அதனால் இஞ்சினுக்குள் தண்ணீர் போகவில்லை என்றான். பிறகு ரேடியேட்டர் வாயில் ஒரு கைப்பம்ப்பை மாட்டிக் காற்று அடித்தான். அதன் மீட்டர் முள் மெதுவாக இறங்கியது. எங்கேயோ கசிகிறது. டார்ச்சையும் சின்னக் கண்ணாடி ஒன்றையும் உள்ளே விட்டுத் தேடினான்.

"அண்ணாத்தே, இங்க பாரு."

வாட்டர் பம்ப்புக்கு அடியில் மிளகு அளவு ஓட்டை. அதைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருந்தது.

"உள்ள சீல் பூட்ச்சி. சும்மா நின்னா ஒழுவாது. லோடு ஏத்திகினு, சூடாயி ஓடும்போதுதான் கசியும். கசியறதும் இஞ்சின் சூட்லயே காஞ்சிடும். கீழ எப்டி சொட்டும்? எவன் ஓட்னாலும் இதே கததான்."

எவன் ஓட்டினாலும்...

பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுத்து, புதுப் பம்ப் மாட்டி, கூலன்ட் ஊற்றி, உள்ளே நின்ற காற்றை வெளியேற்ற அரை நாள் ஆனது. வண்டி ஓடியது. சூடு ஏறவில்லை.

பழைய பம்ப்பை எடுத்துக்கொண்டு நேராக அண்ணனூரில் தேவா வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி மலர் கதவைத் திறந்தாள். எப்போதும் சொல்கிற "வாங்கண்ணே" வரவில்லை. தேவா வாசலுக்கு வந்தான். பம்ப்பில் இருந்த ஓட்டையைக் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"என் மேலதான் தப்பு மாமே. வாய் தவறிடுச்சு. வண்டி ரெடியா கீது, வா."

"பம்ப்பு போச்சுன்னு தெரிஞ்சிகினு வந்துகீற. மெக்கானிக்கு கண்டுபுடிக்கலன்னா நான் உனக்குக் குடிகாரன்தான?"

பம்ப்பை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினேன்.

"ஊர்ல எவனாச்சும் சொல்லுவான்னு ரெடியாதான் இருந்தேன் மச்சான். நீ சொல்லுவன்னு நெனைக்கல."

குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், அழுதிருப்பேன், ஏதாவது ஆகியிருக்கும். அவன் நான் கிளம்புவதற்காகக் காத்திருந்தான்.

அந்த மாதமே வண்டியை விற்றோம். அதைக்கூட வேறொருவர் மூலமாகத்தான் பேசினான். அதற்குப் பிறகும் அவன் குடியைத் தொடவில்லை என்று கேள்விப்பட்டேன். என்னால் அல்ல... என்னையும் மீறி.

இப்போது என்னிடம் இரண்டு வண்டிகள். கூலன்ட் குறைந்தால் டேஷ்போர்டில் விளக்கு எரிகிறது. டிரைவர்கள் எதைச் சொன்னாலும் முதலில் வண்டியைப் பார்க்கிறேன், அப்புறம்தான் வாயைத் திறக்கிறேன். தங்கமான ஓனர் என்கிறார்கள். கேட்கும்போது கூசுகிறது.

போன மாதம் ஆவடியில் வண்டி ஓட்டிப் போனபோது, ஒரு குறுகலான திருப்பத்தில் எதிரே பள்ளிக்கூட பஸ் வந்தது. ஸ்டியரிங்கில் தேவா. தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்தான்.

ஒரு காலத்தில் ஒரே கேபினில் தோள் இடிக்க உட்கார்ந்து இதே வழியாகப் போனவர்கள் நாங்கள்.

தெரியாத ஒருவருக்கு வழி விடுவதுபோலக் கையைக் காட்டி, என்னைப் போகச் சொன்னான்.

போனேன்.