ரங்கூனிலிருந்து மோபிக்கு, மோட்டாருக்குப் பின்னால் ஒரு கூண்டு வண்டி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷம் மாசி மாதம் என் சம்சாரம் மரகதத்துக்கு க்ஷயம் முற்றிவிட்டது. ரங்கூனில் போட்டாதாங்குப் பேட்டையில் அரிசிக் கிட்டங்கியை ஒட்டிக் குடியிருந்தோம். நாள் முழுக்கத் தவிட்டுப் புழுதி. முப்பது மைல் தள்ளி மோபியில் இருக்கும் அவள் அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோனால் மழைக்காலம் வரை தாங்குவாள், இங்கே பங்குனியே தாண்டாது என்றார் டாக்டர். அவளால் ரயிலில் உட்கார முடியாது. இருமினால் பக்கத்தில் எவன் உட்காருவான்? ஆகவே மோட்டாருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுக்க, படுக்கை வைத்த இரண்டு சக்கரக் கூண்டு வண்டி ஒன்று தச்சரிடம் செய்துவாங்கினேன்.

மோட்டாரில் நான் கஞ்சத்தனம் பண்ணவில்லை. சின்ன வண்டி பன்னிரண்டு ரூபாய் வாடகைக்குக் கிடைத்தது. காதர் பாயின் பெரிய வண்டிக்குப் பதினெட்டு கொடுத்தேன். "இழுக்கிறதுக்கு எதுவும் இழுக்கும் ஐயா, நிறுத்த வேணாமா? கூண்டுல பிரேக் கிடையாதே" என்றார் பாய். நியாயம்தான்.

காலை ஆறரைக்குப் பாரம் ஏற்றும்போதுதான் சண்டை. மோபி நேர் வடக்கு. தச்சர் தலைமாட்டை முன்பக்கம் வைத்திருந்தார். வடக்கே தலை வைத்துப் படுப்பதா? அவளைத் திருப்பிப் படுக்கவைத்தேன். தலை பின்னால், கால் முன்னால். அரிசி மூட்டையையும் சாமி படம் இருந்த டிரங்குப் பெட்டியையும் காலடியில் வைக்கலாமா? அவற்றையும் பின்னால் தள்ளினேன்.

"பாரம் அச்சுக்கு முன்னால இருக்கணும் ஐயா. கொக்கியை அமுக்கணும். இல்லேன்னா வால் ஆடும்."

"உமக்கு எங்க சாஸ்திரம் தெரியுமா பாய்? வண்டியை எடும்" என்றேன். என் வாய்க்குக் கொள்ளி வைக்க வேண்டும்.

ஏழரைக்கு இன்சீன் ஊரைத் தாண்டினோம். பதினெட்டாவது மைலில் ஒரு மதகுக்கு இறங்கும் சரிவு. வேகம் இருபதைத் தொட்டது. கூண்டு இடமும் வலமும் ஆடியது. பாய் பிரேக்கை மிதிக்க, ஆட்டம் இன்னும் கூடியது. கொக்கி ஆணி தெறித்துக் கூண்டு வயலில் சாய்ந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். மரகதம் அரிசி மூட்டைக்கு அடியில் கிடந்தாள், வாயெல்லாம் ரத்தம்.

பாயும் நானும் மூட்டையைப் புரட்டி அவளை வெளியே எடுத்தோம். அந்த ஊர் பர்மாக்காரர் நாலு பேர் கூண்டைத் தூக்கிவிட்டார்கள். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. பாய் கொக்கிக்கு வேறு ஆணி போட்டுப் பாரத்தை முன்னால் மாற்றியபின் மரகதம் என் கையைப் பிடித்தாள். "ஏங்க, என்னையும் திருப்பிப் போடுங்க. தெக்கால தலை வச்சு என்னத்தைக் கண்டேன்?"

திருப்பினேன். பத்தரைக்குக் கிளம்பி, பத்து மைல் வேகத்துக்கு மேல் போகாமல் மீதிப் பன்னிரண்டு மைலையும் கடந்தோம். கூண்டு துளிகூட ஆடவில்லை. அவள் தூங்கிக்கொண்டு வந்தாள். மோபியில் பதினோரு நாள்தான் உயிரோடு இருந்தாள். விலா ஒடிந்ததால் இருமிக் கோழையைத் துப்ப முடியாமல் போய்விட்டது என்றார் அங்கே வந்து பார்த்த டாக்டர்.

இப்படிக் கிளம்புகிறவர்களுக்குச் சொல்கிறேன். இழுக்கும் வண்டி, கூண்டைவிட நல்ல கனமாக இருக்கட்டும். கொக்கி ஆணிக்கு மேல் ஒரு சங்கிலியும் கட்டுங்கள். சரிவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். ஆளோ அரிசியோ சாமியோ, கனமெல்லாம் அச்சுக்கு முன்னால். தலை எந்தத் திசை என்பதை டிரைவர் சொல்லட்டும்.

காரியமெல்லாம் முடிந்து, கூண்டை இழுத்துப்போகப் பாய் மறுபடி வந்தார். காலிக் கூண்டு இன்னும் மோசமாகக் குதிக்கும், திரும்பும்போதும் முன்பக்கம் பாரம் வேண்டும் என்றார் பாய். அரிசி மூட்டையை நான் திரும்பத் தொடவில்லை. முன்பக்கம் அவள் தலை இருந்த இடத்தில் நானே ஏறி உட்கார்ந்து ரங்கூன் வந்தேன்.