சாய்ப்பில் ஏழு நாள்

இசக்கிசெல்வி களக்காட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கல்யாணமாகி இடக்கொச்சிக்கு வந்து பத்து வருடம் ஆகிறது. கணவன் சங்கிலிப்பாண்டி மட்டாஞ்சேரி கொச்சங்காடியில் ஒரு சுக்குக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். காயலுக்குப் போகும் வாய்க்காலை ஒட்டி, நாலு சென்ட் இடத்தில், இரண்டு அறை ஓட்டு வீடு. பின்பக்கம் ஆட்டுக்கொட்டில், அதோடு சேர்ந்தாற்போல் விறகு போட ஒரு சாய்ப்பு. இரண்டு ஆடு, பதினோரு வாத்து, ஒரு பலாமரம், வேலியோரம் கொஞ்சம் கப்பை என்கிற மரவள்ளிச் செடி. வாத்து முட்டையை நாலைந்து சாயாக் கடைகளுக்குக் கொடுப்பது செல்வியின் பிழைப்பு. பலாமரத்தில் ஏறி ஆட்டுக்குத் தழை ஒடிப்பதும், வாத்துகளைக் காலையில் திறந்துவிட்டுப் பொழுது சாய அடைப்பதும் மட்டும் பாண்டியின் பொறுப்பு.

கல்யாணமாகி இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் அவளுக்கு வயிற்றில் ஆறு மாதம்.

அந்தத் திங்கட்கிழமை பாண்டி பதினோரு மணிக்கே வீடு திரும்பினான். இரண்டு நாளாக உடம்பு வலி, லேசான காய்ச்சல். மூட்டை தூக்கிய அசதி என்றே இருவரும் நினைத்திருந்தார்கள். குழாயடியில் சட்டையைக் கழற்றியதும் செல்வி பார்த்தாள். மார்பிலும் முதுகிலும் நீர் கோத்த சின்னச் சின்னக் கொப்புளங்கள்.

"ஏங்க, அப்படியே நில்லுங்க. அம்மைல்லா போட்டிருக்கு!"

பாண்டி குனிந்து தன் மார்பைப் பார்த்தான். பிறகு அவள் வயிற்றைப் பார்த்தான். இரண்டு எட்டு பின்னால் போனான்.

"நீ கிட்ட வராத. கிடங்குல ஒருத்தனுக்கு ரெண்டு வாரத்துக்கு முன்ன இருந்துச்சு. கொசுக்கடின்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான், பாவி."

பக்கத்து வீட்டு சுபாஷிணி ஆஷா என்கிற சுகாதாரப் பணியாளர் வேலை பார்க்கிறவள். வார்டில் யார் வீட்டில் காய்ச்சல், யாருக்கு எத்தனை மாதம் என்பதெல்லாம் அவள் நோட்டில் இருக்கும். செல்வி கூப்பிட்ட குரலுக்கு வேலியோரம் வந்தவள், பாண்டியைத் தூரத்திலிருந்து பார்த்தே சொல்லிவிட்டாள்.

"சிக்கன்பாக்ஸ் தான். சேட்டன் வீட்டுக்குள்ள கேறண்டா, போகக்கூடாது, கேட்டோ. செல்வி, உனக்குச் சின்னப் பிள்ளையில வந்திருக்கா?"

"தெரியலையே, சேச்சி."

"தெரியணும். வந்திருந்தா ஒரு பேடியும் வேண்டாம், பயமே வேண்டாம். வரலைன்னா குழந்தைக்குக் கொள்ளாது, ஆபத்து."

செல்வி உடனே அம்மாவுக்குப் போன் போட்டாள். ஐந்து பிள்ளை பெற்ற அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"நம்ம வீட்ல ரெண்டு பேருக்கு வந்துச்சுட்டி. பெரியவனுக்கு வந்துச்சு. இன்னொண்ணு நீயா, ஒன் தங்கச்சியா... பாவாடை கட்டுன பிள்ளைன்னு மட்டும் ஞாபகம் இருக்கு."

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா."

"யோசிக்கேன், யோசிக்கேன். நீ மொதல்ல வாசல்ல வேப்பிலையச் சொருகு. முத்தாரம்மன் பாத்துக்கிடுவா."

பதற்றத்தில் செல்வி வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்து, "சேச்சி, கொஞ்சம் வேப்பிலை வேணும்" என்றாள். சுபாஷிணி உள்ளே போய் ஒரு கை நிறைய கறிவேப்பிலை பறித்துக்கொண்டு வந்தாள். அங்கே வேப்பிலை என்றால் அதுதான். அந்த நிலையிலும் செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேம்பை அங்கே ஆரியவேப்பு என்று சொல்ல வேண்டும். பத்து வருடமாகத் தெரிந்ததுதான், வாய்க்கு வரவில்லை.

பாண்டி விறகை ஒதுக்கிவிட்டு சாய்ப்பில் பாய் போட்டான். சுபாஷிணியின் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறவர், சின்ன வயதில் அம்மை கண்டவர். அவரே பாண்டியை டாக்டரிடம் கூட்டிப்போய் மாத்திரை வாங்கிக்கொடுத்தார். செல்வி கஞ்சியைத் துணிக்கொடிக்குக் கீழே இருந்த கல்லில் வைத்துவிட்டு விலகுவாள். அவன் வந்து எடுத்துக்கொள்வான். கொடிக்கு இந்தப் பக்கம் அவன் வரக்கூடாது, அந்தப் பக்கம் அவள் போகக்கூடாது.

செவ்வாய்க்கிழமை அரசு ஆஸ்பத்திரியில் செல்விக்கு ரத்தம் எடுத்தார்கள். பெண் டாக்டர் நிதானமாக விளக்கினார். உடம்பில் ஏற்கெனவே எதிர்ப்பு இருந்தால் கவலையில்லை. இல்லையென்றால் பத்து நாளுக்குள் ஒரு ஊசி போட வேண்டும், அதற்கு எறணாகுளம் போக வேண்டியிருக்கும். முடிவு வர மூன்று நாள். கொப்புளம் தெரிவதற்கு முன்பே தொற்றும் என்றும் டாக்டர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரே தட்டில் மீன் தின்றது அவள் நினைவுக்கு வந்தது. அதைப் பாண்டியிடம் அவள் சொல்லவில்லை.

பாண்டி இயல்பாகவே வாய் திறக்காதவன். வேலை விட்டு வந்தால் குளிப்பான், தின்பான், தூங்குவான். இப்போது இருபதடி தூரத்தில் படுத்துக்கொண்டு மணிக்கொரு தரம் போன் பண்ணினான்.

"என்ன செய்யுத?"

"பாத்திரம் கழுவுதேன். அங்க இருந்து பாத்தாலே தெரியுமே."

"முதுகுதான் தெரியுது. முகம் தெரியல." பிறகு, "நாள் பூராவும் நீ உக்காரவே மாட்டியா? காலையில இருந்து பாக்கேன்."

"இப்பதான் பாக்கீங்களா?"

ஆட்டின் செருமல் மட்டும் போனில் கேட்டது.

புதன்கிழமை சாயங்காலம் வாத்துகள் திரும்பவில்லை. செல்வி வாய்க்கால் கரையில் நின்று கூப்பிட்டுப் பார்த்தாள், தட்டைத் தட்டினாள், தவிட்டுக் கிண்ணத்தைக் காட்டினாள். பதினொன்றும் எதிர்க்கரைப் புல்லில் நின்றுகொண்டு அவளைப் பார்த்தன. பாண்டி எழுந்து சாய்ப்பு வாசலுக்கு வந்தான். கூப்பிடும்போதே இருமல் வந்தது, தொண்டைக்குள்ளும் கொப்புளம். நாலாவது தடவை குரல் எழும்பியதும் வாத்துகள் வரிசையாகத் தண்ணீரில் இறங்கின. அவன் மூச்சு வாங்கிக்கொண்டு கம்பைப் பிடித்தபடி நின்றான். அந்த மெலிந்த உருவத்தைப் பார்த்தபோது செல்விக்கு முதல் தடவையாக அவனுக்காகவும் பயம் வந்தது. அதுவரை பிள்ளைக்காக மட்டும்தான் பயந்திருந்தாள்.

வியாழன் காலை அவள் மணிக்கட்டில் ஒரு தடிப்பு இருந்தது. தேய்த்துப் பார்த்தாள், எச்சில் தொட்டு வைத்தாள், முந்தானையால் மூடிக்கொண்டாள். மூடியும் மனம் கேட்காமல் சுபாஷிணி வீட்டுக்கு ஓடினாள். சுபாஷிணி கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"இது உறும்பு கடிச்சதாக்கும். எறும்பு, எறும்பு! பலா இலை பொறுக்கினாயா?"

"ஆமா."

"பின்னே என்ன? போய்ச் சோறு தின்னு. முகம் கண்டால் நேத்திலிருந்து ஒண்ணும் தின்னலைன்னு தெரியும்."

வெள்ளிக்கிழமை மத்தியானம், துணி துவைத்துக்கொண்டிருந்தபோது போனில் ஒரு படம் வந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டு. சுபாஷிணி அனுப்பியிருந்தாள். எல்லாம் இங்கிலீஷ். செல்வி தமிழ் படிப்பாள், மலையாளமும் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவாள். இங்கிலீஷில் கடைப் பலகை படிக்கிற அளவுதான். ஆனாலும் கீழே தடித்த எழுத்தில் இருந்த அந்த ஒரு சொல் அவளுக்குத் தெரியும். கொரோனாக் காலத்தில் தெருவே பார்த்து நடுங்கிய சொல். பாசிட்டிவ்.

அவள் துவைகல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். குழாய்த் தண்ணீர் வாளி நிரம்பி வழிந்தது.

"செல்வி! ஏ செல்வி! என்னாச்சு?"

பாண்டி சாய்ப்பிலிருந்து ஓடி வந்தான். துணிக்கொடி நெஞ்சில் பட்டதும் நின்றான். அதைத் தாண்ட முடியாமல் இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

"பாசிட்டிவ்னு போட்டிருக்கு" என்றாள்.

அவன் சுபாஷிணிக்குப் போன் போட்டு, செல்விக்கும் கேட்கும்படி வைத்தான். அவள் எங்கோ வீடு வீடாக நடந்துகொண்டிருந்தாள். பின்னால் ஒரு நாய் குரைத்தது.

"ஐயோ, சேட்டா, அது நல்ல பாசிட்டிவாக்கும்! அவளுக்குச் சின்ன வயசிலே வந்து போயாச்சு. உடம்பிலே காவல் உண்டு. குழந்தைக்கும் ஒண்ணும் இல்லா. டாக்டர் கிட்ட நான் ரெண்டு தடவை கேட்டாச்சு. ஊசியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்!"

"நெசமாவா?"

"நெசந்தன்னே! கரைய வேண்டாம்னு அவகிட்ட பற. அழாதேன்னு சொல்லு!"

அழுதது செல்வி அல்ல. கயிற்றைப் பிடித்தபடி, கொப்புளம் நிறைந்த முகத்தோடு, பாண்டி அழுதுகொண்டிருந்தான். செல்வி எழுந்து குழாயை மூடினாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கொடிக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போனாள்.

"வராதன்னு சொன்னேன்ல."

"எனக்குத்தான் ஒண்ணும் செய்யாதுல்லா" என்று சொல்லி, ஐந்து நாளாகச் சீப்புப் படாத அவன் தலையில் கை வைத்தாள்.

சாயங்காலம் அம்மா போன் பண்ணினாள். விஷயத்தைக் கேட்டதும், "நான் அன்னைக்கே சொன்னேன்லா, ஒனக்குத்தான் வந்துச்சுன்னு!" என்றாள்.

அடுத்த திங்கட்கிழமைக்குள் கொப்புளமெல்லாம் காய்ந்து பொருக்காகிவிட்டது. சுபாஷிணி ஆரியவேப்பு எங்கே இருக்கிறது என்று விசாரித்து, பள்ளுருத்தி வரை போய் ஒரு கொத்து ஒடித்து வந்தாள். அதைப் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைச் செல்வி பாண்டியின் தலைக்கு ஊற்றினாள். வேட்டி மாற்றிக்கொண்டு அவன் வீட்டுக்குள் வந்தான். மீன் குழம்புக்கு இன்னும் ஒரு வாரம் பொறுக்க வேண்டும் என்று அவள் சொன்னதற்கு முகத்தைச் சுளித்தாலும், பருப்புச் சோற்றை மூன்று தரம் கேட்டு வாங்கித் தின்றான்.

தின்ற தட்டை அவனே எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனான். செல்வி ஆச்சரியப்பட்டாள். சும்மா கொஞ்சம் காலை நீட்டலாம் என்று கட்டிலில் சாய்ந்தாள். வயிற்றுக்குள் பிள்ளை புரண்டது; கை வைத்துக்கொண்டாள். அப்படியே கண் அசந்துவிட்டது. மூன்று மணிவாக்கில் சுபாஷிணி நோட்டும் பேனாவுமாக வந்து, திறந்திருந்த கதவு வழியே எட்டிப் பார்த்தாள். உள்ளே குறட்டைச் சத்தம். அடுத்த ஸ்கேனுக்குத் தேதி நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று சத்தமில்லாமல் திரும்பிப் போனாள்.